சைக்கிள் மின்சாரம் தந்த காலமும் மின்சாரம் சைக்கிளைத் தள்ளும் காலமும்

மின்சார சைக்கிள் ஓடுவது உடற்பயிற்சி ஆகுமா என்ற கேள்வி, புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களிடையே இப்போது அடிக்கடி எழுகின்றது. சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ வாழும் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டுகின்றார். இரத்தத்தில் சீனி கூடியிருக்கின்றது, உடம்பை அசையுங்கள் என்று வைத்தியர் சொல்கின்றார். அவர் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகின்றார். கடைக்காரர் மின்கலம் பூட்டிய சைக்கிளைத்தான் முதலிற் காட்டுகின்றார். ஜேர்மனியில் 2023ஆம் ஆண்டு விற்பனையான ஏறத்தாழ 40 இலட்சம் புதிய சைக்கிள்களில் 21 இலட்சம் மின்சார சைக்கிள்கள் என்பதால் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் உழக்கி வளர்ந்த மனிதருக்கு மனம் ஒப்பவில்லை. இயந்திரம் தள்ளிவிடுமென்றால் நான் எதற்கு ஏறி உழக்க வேண்டும் என்று கேட்கின்றார்.

நியாயமான கேள்விதான். மருத்துவ ஆய்வுகள் இதற்குத் தரும் பதிலைப் பின்னர் பார்ப்போம். அதற்கு முன்னர் நமது ஊரின் அண்மைக்கால வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயன்தரும் என்று கருதுகிறேன். ஏனெனில், யாழ்ப்பாணக் குடாநாடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் இரண்டு தடவை ஒட்டுமொத்தமாகச் சைக்கிளில் ஏறியும் இரண்டு தடவை அதைவிட்டு இறங்கியும் இருக்கின்ற சமூகம். இரண்டு தடவையும் அந்த ஏற்றத்தை மக்கள் விரும்பித் தேடவில்லை. இறங்கியபோது எதை இழக்கிறோம் என்று அதிகம் பேர் எண்ணிப் பார்க்கவுமில்லை.

தட்டை நிலமும் சோளகக் காற்றும்

சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம் எங்களுடையது. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்பில் மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்களுக்கு மேல் உயராத சுண்ணாம்புக்கல் தரை. யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர், சாவகச்சேரிக்கு ஏறத்தாழ 16, பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33. திடமான ஒருவர் காலையிற் புறப்பட்டால் குடாநாட்டின் எந்த மூலைக்கும் போய் அலுவல் முடித்து மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்து வைத்தது. வைகாசிக்குப் பின்னர் சோளகம் எழும்பிவிட்டால் வல்லை வெளியிலும் பண்ணைப் பாலத்திலும் பொன்னாலைப் பாலத்திலும் எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடியவர்களுக்கு மலையேற்றம் என்றால் என்னவென்று புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சமதரையில் சற்று வேகமாகச் செல்லும் சைக்கிளோட்டியின் உழைப்பிற் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகின்றது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவருக்கு முன்னாலிருந்து அதே வேகத்தில் காற்று வீசினால், அவர் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்றைத் தள்ளிக்கொண்டு போகின்றார். பேச்சு நின்றுவிடும், மூச்சு வாங்கும், சட்டை நனையும். இன்றைய உடற்பயிற்சி நூல்கள் 'கடும் உழைப்பு' என்று வகுக்கும் நிலை அதுதான்.

இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி 1885இல் 'ரோவர்' என்ற பெயரில் இன்றைய வடிவிலான சைக்கிளை உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த ரயரைக் கண்டுபிடித்தார். இவ்விரண்டும் சேர்ந்தபின்னரே சைக்கிள் சாதாரண மனிதரின் வாகனமாகியது. அடுத்த தலைமுறைகளில் அது நம்மவரின் வீட்டுச் சொத்தாகவும் மாறியது. நொட்டிங்ஹாம் நகரிலிருந்து வந்த றலி சைக்கிள் ஒரு வீட்டில் நின்றால் அதற்குத் தனி மதிப்பு. தகப்பன் ஓடிய சைக்கிளை மகன் ஓடினான். ஆசிரியர், தபாற்காரர், கமக்காரர், மீன்பெட்டி கட்டிய வியாபாரி, கிராம விதானையார் எல்லோரும் அதே வாகனத்தில்தான் போனார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. எண்பதுகளில் வசதியுள்ள இளைஞர்களின் கனவு ஹொண்டாவாக மாறிவிட்டிருந்தது. சைக்கிள் மெல்ல மெல்ல ஏழைகளின் வாகனம் என்ற நிலைக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரத்திற்றான் 1990 வந்தது.

தடையின் ஐந்தாண்டுகள்

1990 ஜூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. வடக்கு மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடத்தி வரப்பட்ட எரிபொருளின் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. பழைய மோட்டார் சைக்கிள்களும் மொறிஸ் மைனர், ஏ-40 கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. அதற்கும் வழியற்ற பெரும்பான்மையினர் மூலையிற் கிடந்த சைக்கிளை எடுத்துத் துடைத்தார்கள்.

அடுத்த ஐந்தாண்டுகளில் சைக்கிள் செய்யாத வேலை இல்லை. தென்மராட்சியிலிருந்து விறகு வந்தது. வலிகாமத்துத் தோட்டங்களிலிருந்து வெங்காயமும் மரக்கறியும் சந்தைக்குப் போயின. முன்னால் பாரில் ஒரு பிள்ளை, பின்னால் கரியரில் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை என்று குடும்பங்கள் பயணம் செய்தன. நோயாளியைக் கரியரில் இருத்தி, விழாமல் ஒருவர் பிடித்துவர, வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின் வன்னிக்குப் போக வேண்டியவர்கள் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றிக் கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் கடந்தார்கள். 1993 ஜனவரியில் அந்த நீரேரியில் பொதுமக்கள் கொல்லப்பட்ட பின்னரும், வேறு வழியில்லாததால், பயணம் நிற்கவில்லை.

சைக்கிளின் மிக விசித்திரமான பணி இரவிலேதான் நடந்தது. பற்றரி இல்லாத ஊரில் வானொலி கேட்பது எப்படி? சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தியோ தலைகீழாகக் கவிழ்த்தோ வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகளை வானொலிக்குக் கொடுத்தார்கள். சைக்கிள் டைனமோவின் வழமையான அளவு 6 வோல்ற், 3 வாற்று. சிறிய வானொலிக்கு அது போதும். ஒருவர் சுற்ற, அயலவர் சூழ இருந்து பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸையும் கேட்டார்கள். சுற்றுபவர் களைத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கும். உடனே பக்கத்தில் இருப்பவர் பெடலை வாங்கிக்கொள்வார். பத்திரிகைகளும் தாள் தட்டுப்பாட்டால் பாடசாலைக் கொப்பிகளின் கோடிட்ட தாளில் அச்சாகிய காலம் அது.

அக்காலத்தில் சைக்கிளின் இன்னொரு பணியையும் குறிப்பிட வேண்டும். ஆண்களிற் பலர் வெளிநாடு போயிருந்தனர், அல்லது போருக்குப் போயிருந்தனர், அல்லது இல்லாமற் போயிருந்தனர். பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். வேலைக்குப் போனார்கள், நிவாரண அரிசி மூட்டையை ஏற்றி வந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1991-92இல், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கிற் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். அங்கே ஒரு இயக்கம் செய்த வேலையை இங்கே ஒரு முற்றுகை செய்தது.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது சைக்கிள் ஓடும் வாகனமாகவும் இருக்கவில்லை. செம்மணியிலும் நாவற்குழிப் பாலத்திலும் இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நகர்ந்த அந்த மழை இரவில், சில கிலோமீற்றரைக் கடக்கப் பல மணி நேரம் பிடித்தது. ஹாண்டிலிற் பைகள், கரியரில் உடுப்பு மூட்டை, அதற்கு மேல் முதியவரோ குழந்தையோ என்று அது ஒரு தள்ளுவண்டியாகியது. அந்த இரவில் வீட்டிலிருந்து எடுத்துவந்த மிகப் பெறுமதியான பொருள் எது என்று கேட்டால் பலர் இன்றும் நகையைச் சொல்வதில்லை, சைக்கிளைத்தான் சொல்வார்கள்.

பெயரில்லாத உடற்பயிற்சி

இனி, நமது கேள்விக்கு வருவோம். அந்த ஐந்தாண்டுகளில் யாரும் சைக்கிள் ஓடுவதை உடற்பயிற்சி என்று அழைத்ததில்லை. தேகாப்பியாசம் என்ற சொல் பாடசாலை மைதானத்துக்கு உரியது. காலையில் சந்தைக்கும் மாலையில் ரியூசனுக்கும் உழக்குவதற்கு அப்படிப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால் கிடைப்பது வியப்பைத் தருகின்றது.

நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவன். சுன்னாகத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். போய்வர 14. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 56 நிமிடங்கள், வாரம் ஐந்து நாட்களுக்கு 280 நிமிடங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடும் உழைப்பு வேண்டும். வகுப்புக்குப் போய் வந்ததிலேயே அந்த அளவு நிறைந்துவிட்டது. கிணற்றில் அள்ளிய தண்ணீரும் கொத்திய விறகும் இந்தக் கணக்கிற் சேரவில்லை.

உழைப்போடு கலந்த அசைவு இதயத்தைக் காக்கும் என்பதை முதன்முதலிற் கணக்கோடு காட்டியவர் லண்டன் வைத்தியர் ஜெரி மொறிஸ். லண்டன் நகரின் இரட்டைத்தட்டு பஸ்களில் சாரதி நாள் முழுவதும் இருந்தபடி ஓட்டுவார். நடத்துநரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே வகையான குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ஒரே பஸ்ஸில் வேலை செய்பவர்கள். சாரதிகளைவிட நடத்துநர்களிடையே மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருப்பதை மொறிஸ் 1953இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியிட்டார். அந்த நடத்துநர்களும் தாம் உடற்பயிற்சி செய்வதாக எண்ணியவர்கள் அல்லர். ரிக்கற் கொடுக்கப் படியேறியவர்கள்.

நமது அனுபவத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் கியூபா. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததும் அந்நாட்டுக்கு எண்ணெய் வருவது சுருங்கியது. அமெரிக்கத் தடை ஏற்கெனவே இருந்தது. அரசாங்கம் சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களைத் தருவித்து மக்களிடம் கொடுத்தது. உணவு குறைந்தது, உழைப்பு கூடியது. 2013இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று அந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தது. 1990களின் முற்பகுதியில் கியூப மக்களின் சராசரி எடை 5 கிலோகிராமுக்கு மேல் குறைந்தது. அதைத் தொடர்ந்து நீரிழிவாலும் இதய நோயாலும் ஏற்படும் மரணங்கள் வேகமாகக் குறைந்தன. பொருளாதாரம் மீண்டபின் எடை திரும்பவும் ஏறியது. நீரிழிவும் பின்தொடர்ந்து ஏறியது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். பொருளாதாரத் தடை நமக்கு நல்லதைச் செய்தது என்று சொல்ல வரும் கட்டுரை அல்ல இது. கியூபாவில் அதே காலத்தில் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஊட்டக்குறைவோடு தொடர்புடைய நரம்பு நோய் வந்தது. யாழ்ப்பாணத்தில் மருந்துத் தட்டுப்பாட்டால் மாண்டவர்கள் உண்டு. மின்சாரமில்லாத ஊரில் இன்சுலினைக் குளிராக வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. அன்று நாங்கள் எல்லோரும் மெலிந்து ஆரோக்கியமாக இருந்தோம் என்று இப்போது வெளிநாட்டுத் திருமண மண்டபங்களில் இருந்துகொண்டு பேசுபவர்கள், மெலிவிற்கு ஒரு காரணம் சைக்கிள், மற்றக் காரணம் பசி என்பதை மறந்துவிடுகின்றார்கள். பசியை யாரும் திரும்பக் கேட்கக்கூடாது. ஆனால் பசி போனபோது சைக்கிளும் கூடவே போகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

இறங்கிய காலம்

1996இல் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பிய பின்னரும் சில ஆண்டுகள் சைக்கிளே அரசாண்டது. அப்போது அதற்கு வேறொரு துன்பம். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, உருட்டி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடியும் ஏற வேண்டும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 வீதி திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த ஆசைகள் அந்த வீதி வழியாக வந்தன. அவற்றுள் முதன்மையானது இந்திய மோட்டார் சைக்கிள். தவணைக் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே வீதியின் தோற்றத்தை மாற்றின. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டபோது ஒரு சிறு இடைவெளி. 2009இல் போர் முடிந்தபின் அந்த வேகம் இரட்டிப்பாகியது. பெண்களும் ஸ்கூட்டருக்கு மாறினார்கள். அரைக் கிலோமீற்றர் தூரத்திலுள்ள கடைக்கு மோட்டார் சைக்கிளிற் போய்ப் பாண் வாங்கி வருவது வழக்கமாயிற்று.

மாறியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருபது வயது முழுவதும் உழக்கிய கால்களுக்கு ஓய்வு வேண்டியிருந்தது. ஆனால் உடம்பு அரசியலை அறியாது, கணக்கை மட்டுமே அறியும். இலங்கையில் 2005-06இல் நடந்த தேசிய ஆய்வு வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்று மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2018-19இல் நடந்த இன்னொரு ஆய்வு அந்த எண்ணிக்கையை 23 என்று மதிப்பிட்டது. இரண்டும் ஒரே முறையில் நடந்த ஆய்வுகள் அல்ல என்பதால் நேரடியாக ஒப்பிடுவது தவறு. உணவு மாறியது, ஆயுள் கூடியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் திசை எதுவென்பதில் ஐயமில்லை.

2022இல் வரலாறு மறுபடியும் திரும்பியது. இம்முறை போர் இல்லை, டொலர் இல்லாமை. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவை எட்டியது. ஜூன் 27ஆந் திகதி, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கொட்டில்களிற் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. பிறகு 'கியூ.ஆர்.' அட்டை வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிள் கொட்டிலுக்குத் திரும்பியது. ஆனால் அந்த நெருக்கடிக்குப் பின்னர்தான் மின்சார வாகனம் என்ற எண்ணம் நம்மவர் மனதில் உறுதியாக வேரூன்றியது.

1993: இரண்டு திசைகள்

மின்சார சைக்கிள் புதிய பொருள் அல்ல. அமெரிக்காவில் ஒக்டன் போல்ரன் என்பவர் பின்சக்கரத்தில் மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு 1895ஆம் ஆண்டின் கடைசி நாளிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். பற்றரியின் பாரம் அதை நூறாண்டு முன்னேற விடவில்லை. 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், மனிதர் உழக்கும்போது மட்டும் கூட நின்று தள்ளும் மோட்டார் பொருத்திய சைக்கிளை விற்பனைக்கு விட்டது. இன்று ஐரோப்பா எங்கும் ஓடும் மின்சார சைக்கிள்களின் மூதாதை அது.

அந்த ஆண்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஜப்பானில் மின்சாரம் சைக்கிளைத் தள்ளத் தொடங்கிய அதே 1993இல் யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிளைச் சுற்றி மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் மின்சார சைக்கிளில் இருவேறு இனங்கள் உண்டு. யமஹா தொடக்கிய இனத்தில், காலால் மிதித்தாற்றான் மோட்டார் உதவும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மோட்டாரின் தொடர்வலு 250 வாற்றுக்கு மேற்படக்கூடாது. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதும் உதவி நின்றுவிட வேண்டும். சுவிற்சர்லாந்தில் 45 கிலோமீற்றர் வரை உதவும் வகையும் உண்டு. அதற்கு மஞ்சள் இலக்கத் தகடு வேண்டும். மற்ற இனத்தில் கைப்பிடியை முறுக்கினாற் போதும், காலுக்கு வேலையில்லை. பெடல் இருந்தாலும் அது அலங்காரந்தான். எங்கள் வீதிகளில் மின்சாரத்தில் ஓடும் இருசக்கர வாகனங்களிற் பெரும்பாலானவை இந்த இரண்டாவது இனம். எரிபொருட் செலவு மிச்சம், புகை இல்லை, சத்தம் இல்லை. எல்லாம் நல்லதுதான். ஆனால் உடற்பயிற்சி என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

முதலாவது இனத்தைப் பற்றித்தான் ஆய்வுகள் பேசுகின்றன. 2018இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் அதுவரை வெளியான 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மிதித்து ஓடும் மின்சார சைக்கிள் குறைந்தபட்சம் மிதமான உழைப்பைத் தருகின்றது, நடையைவிடக் கூடுதலாகவும் சாதாரண சைக்கிளைவிடக் குறைவாகவும் உடம்பை வேலை வாங்குகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வொன்றும் வெளியானது. அதிக எடை கொண்ட 32 பேரில் ஒரு பகுதியினர் சாதாரண சைக்கிளிலும் மறுபகுதியினர் மின்சார சைக்கிளிலும் நான்கு வாரம் வேலைக்குப் போய் வந்தார்கள். மின்சார சைக்கிள் ஓடியவர்களின் மூச்சுத்திறனும் ஏறத்தாழ மற்றவர்களின் அளவுக்கு முன்னேறியது. சிறிய ஆய்வுதான். ஆனால் உழைப்பு குறைந்தாலும் பயன் அற்றுப்போவதில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

எனக்கு மிக முக்கியமாகப்படுவது 2019இல் வெளியான மூன்றாவது ஆய்வு. ஏழு ஐரோப்பிய நகரங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் விபரம் திரட்டப்பட்டது. சாதாரண சைக்கிளோட்டியின் ஒரு பயணம் சராசரி 4.8 கிலோமீற்றர், மின்சார சைக்கிளோட்டியின் பயணம் 9.4. குறைவாக உழைத்தாலும் கூடத் தூரம் போனார்கள். எனவே வார இறுதியில் இருசாராரின் மொத்த உழைப்பும் ஏறத்தாழச் சமம். ஆனால் அவர்கள் முன்னர் எதில் போனார்கள் என்று கேட்டபோதுதான் உண்மையான வேறுபாடு தெரிந்தது. உழைப்பை அளக்கும் அலகின்படி, சாதாரண சைக்கிளை விட்டு மின்சார சைக்கிளுக்கு மாறியவர்கள் வாரத்தில் ஏறத்தாழ 200 அலகுகளை இழந்தார்கள். சொந்த மோட்டார் வாகனத்தை விட்டு மாறியவர்கள் ஏறத்தாழ 550 அலகுகளையும் பஸ், ரயிலை விட்டு மாறியவர்கள் ஏறத்தாழ 800 அலகுகளையும் பெற்றார்கள்.

யாருக்கு எது?

யாழ்ப்பாணத்தின் வரலாறும் இதையேதான் சொல்கின்றது. பயன் சைக்கிளிலும் இல்லை, மோட்டாரிலும் இல்லை. எதிலிருந்து இறங்கி எதில் ஏறுகிறோம் என்பதில் இருக்கின்றது. 2002இல் சைக்கிளிலிருந்து இறங்கி மோட்டார் சைக்கிளில் ஏறியவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தார். இன்று அவர் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, மிதித்து ஓடும் மின்சார சைக்கிளில் ஏறினால் இழந்ததிற் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுவார்.

சுன்னாகம்-திருநெல்வேலிக் கணக்கையே மறுபடி எடுத்துக்கொள்வோம். 55 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் சாதாரண சைக்கிளில் அந்த 14 கிலோமீற்றரை ஓட ஏறத்தாழ 300 கலோரி செலவிடுவார். மோட்டார் உதவியோடு சற்று வேகமாகவும் இலகுவாகவும் போனால் அது 170 அளவுக்கு இறங்கும். பாதிக்குச் சற்று மேல். சாதாரண சைக்கிள் ஓடக்கூடிய ஒருவருக்கு இது நட்டம். முழங்கால் நோகிறது, சோளகத்தில் ஓட முடியாது என்று பத்து ஆண்டுகளாகச் சைக்கிளையே தொடாத ஒருவருக்கு இது முழு இலாபம்.

ஆகவே, ஊரிலுள்ள உறவினருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க எண்ணும் புலம்பெயர்ந்த வாசகர்கள் சற்று யோசிக்க வேண்டும். பத்தாம் வகுப்பிற் படிக்கும் மருமகனுக்கு முறுக்கியதும் ஓடும் மின்சார ஸ்கூட்டருக்குக் காசு அனுப்பாதீர்கள். குடாநாட்டு வீதிகளில் இன்றும் சைக்கிள் ஓடும் கடைசிக் கூட்டம் பாடசாலைப் பிள்ளைகள்தான். அவர்களையும் இறக்கிவிட்டால் அந்தப் பழக்கம் அறுந்துபோகும். அவனுக்கு நல்லதொரு லுமாலா சைக்கிள் போதும். தட்டை நிலமும் பதினைந்து வயதுக் கால்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மிதித்து ஓடும் மின்சார சைக்கிளை அவனுடைய தாய்க்கோ தகப்பனுக்கோ வாங்கிக் கொடுங்கள். சந்தைக்குப் போக ஸ்கூட்டரையும் முச்சக்கரவண்டியையும் விட்டால் வேறு வழியில்லை என்றிருக்கும் அவர்களுக்குத்தான் அது உரியது. எதிர்க்காற்றில் மோட்டார் தள்ளட்டும், காற்று விழுந்ததும் உதவியைக் குறைத்துக் கால்களாலே உழக்கச் சொல்லுங்கள்.

உள்ளூராட்சி சபைகளுக்கும் ஒரு வேலை இருக்கின்றது. போருக்குப் பின்னர் அகலமாகப் போடப்பட்ட காப்பற் வீதிகளில் வாகனங்கள் பறக்கின்றன. காங்கேசன்துறை வீதியிலும் பலாலி வீதியிலும் ஒரு முதியவர் நிம்மதியாகச் சைக்கிள் ஓட ஒரு ஓரமில்லை. மின்சார சைக்கிளோ சாதாரண சைக்கிளோ, அந்த ஓரம் கோடு போட்டு ஒதுக்கப்படும்வரை, வைத்தியர் எவ்வளவு சொன்னாலும் பலர் ஏறப் போவதில்லை.